மண்ணில் இருப்பது கிருமியா, கிருமியின் சுவடா?

கண்டியை அடுத்த குண்டசாலைப் பக்கம் தக்காளி, கத்தரி, கறிமிளகாய் போடுகிறவர்களுக்கு இந்த நோயை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் நிமிர்ந்து நின்ற செடி நடுப்பகலில் தலை சாய்க்கும். இலை மஞ்சளாகாது, புள்ளி விழாது, பச்சையாகவே துவண்டு தொங்கும். மாலையில் கொஞ்சம் தெளிவது போலத் தெரியும். இரண்டு மூன்று நாளில் செடி முடிந்துவிடும். இதுதான் பக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற பக்டீரியா மண்ணிலிருந்து வேர்க் காயங்கள் வழியாக உள்ளே நுழைந்து, தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. வேரில் ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போவதில்லை.

செடியில் இந்த நோயை அறிய ஆய்வுகூடம் வேண்டாம். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி தண்டைத் தொங்கவிடுங்கள். குவளையை அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிறத்தில் ஒரு மெல்லிய இழை நேராகக் கீழே இறங்கும். அந்த இழை முழுவதும் பக்டீரியா. பங்கசால் வாடிய செடியில் அது இறங்காது. விவசாயப் போதனாசிரியர்கள் வயலில் வைத்தே செய்து காட்டும் இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, நம்பவும் தக்கது.

ஆனால் அதற்கு நோய்ப்பட்ட செடி ஒன்று கையில் இருக்க வேண்டும். விவசாயிக்குத் தேவையான பதிலோ நடுவதற்கு முன்பே வேண்டியிருக்கிறது. போன போகத்தில் வாடிய பாத்தியை ஒருவர் ஈரப்படுத்தி, மேலே கண்ணாடிப் பொலித்தீன் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, வெயிலில் பல வாரம் வேகவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். பி.சி.ஆர். சோதனையில் ‘ரால்ஸ்டோனியா உண்டு’ என்று முடிவு வருகிறது. அவர் பட்ட பாடு வீணா?

வீணாக இருக்கலாம். முழு வெற்றியாகவும் இருக்கலாம். அந்தத் தாளை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. பயிர்நோய்ச் சோதனைகளைப் பற்றி விவசாயி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பி.சி.ஆர். என்ற சொல்லை 2020க்குப் பிறகு இலங்கையில் அறியாதவர் இல்லை. கொவிட் வந்து தேறியவர்கள் சிலருக்கு, காய்ச்சல் விட்டு வாரக்கணக்கான பிறகும் ‘பொசிட்டிவ்’ வந்தது நினைவிருக்கும். அவர்களில் பெரும்பாலானோர் அப்போது யாருக்கும் தொற்றைக் கொடுக்கக்கூடிய நிலையில் இல்லை. சோதனை கண்டது, அழிந்துபோன வைரசின் மிச்சத் துணுக்குகளை. மண்ணிலும் மரத்திலும் நடப்பது இதேதான். சொல்லப்போனால், மண்ணில் அது இன்னும் மோசம்.

பி.சி.ஆர். முறையை அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983இல் கண்டறிந்தார். 1993இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு உயிரினத்தின் டி.என்.ஏ.விலும் அதற்கே உரிய சில பகுதிகள் உண்டு. அப்படி ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, சூடாக்கியும் குளிரவைத்தும் மீண்டும் மீண்டும் படியெடுப்பதுதான் முறை. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரே ஒரு துணுக்கு 30 சுற்றில் 107 கோடியாகிவிடும். அதனால்தான் கண்ணுக்கும் நுண்காட்டிக்கும் அகப்படாத கிருமிகூட இதில் அகப்படுகிறது. எத்தனையாவது சுற்றில் அடையாளம் தென்பட்டது என்று பார்த்து, தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்றும் கணக்கிடலாம்.

படியெடுக்கும் நொதிக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தத் துணுக்கு உயிருள்ள செல்லிலிருந்து வந்ததா, செத்த செல்லிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. டி.என்.ஏ. எளிதில் அழியாத பொருள். களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டால் செல் செத்த பிறகும் மாதக்கணக்கில் நிற்கக்கூடும். உலர்ந்த இடத்தில் இன்னும் நீண்ட காலம் தாங்கும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த பைட்டோப்தோரா கிருமியின் டி.என்.ஏ.வை, 19ஆம் நூற்றாண்டில் காயவைத்து அட்டையில் ஒட்டிப் பாதுகாத்த இலைகளிலிருந்து எடுத்து, 2013இல் ஆய்வாளர்கள் முழுமையாகப் படித்தார்கள். அந்த இலைகளில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மரபுக்குறிப்பு படிக்கக்கூடிய நிலையில் இருந்தது.

எனவே ‘டி.என்.ஏ. உண்டு’ என்றால் ‘கிருமி இங்கே இருந்திருக்கிறது’ என்றுதான் பொருள். இப்போது உயிரோடு இருக்கிறதா, நாளை செடியைத் தாக்குமா என்பது தனிக் கேள்வி.

இந்தக் கேள்வியோடு கண்டிக்குப் பழைய தொடர்பு உண்டு. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மலைநாட்டின் கோப்பியைத் துடைத்தெடுத்து, தேயிலைக்கு வழிவிட்டது. அந்த நோயை ஆராய 1880இல் பேராதனைக்கு வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். பிசுபிசுப்புப் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். பிடித்ததோடு நிற்கவில்லை. வித்திகள் நீர்த்துளியில் முளைவிடுவதையும், அந்த முளைக்குழாய் இலையின் அடிப்பக்கத் துளைகளைத் தேடி நுழைவதையும் நுண்காட்டியில் பார்த்துப் பதிவு செய்தார். வித்தி இருக்கிறது என்று காட்டுவதோடு, அது உயிருள்ளது, தொற்றவல்லது என்றும் காட்டினார். இன்றைக்கு மூலக்கூற்றுச் சோதனையிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதையே.

மகாவலியை ஒட்டிய தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பிக்குப் பிறகு கொக்கோ வந்தது. இன்றும் குண்டசாலை, திகனை, தெல்தெனியப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலா, பாக்கு, கராம்பு மரங்களின் நிழலில் கொக்கோ நிற்பதையும், கிளிசரிடியா மரத்தில் மிளகு படர்வதையும் பார்க்கலாம். இரண்டுக்கும் பொதுவான எதிரி பைட்டோப்தோரா. கொக்கோவில் காயைக் கறுக்கவைத்து அழுகச்செய்வதும், பட்டையில் புண்ணாகி மரத்தைச் சாகடிப்பதும் ஓர் இனம். அதை முதலில் விவரித்தவர் பட்லர் என்ற ஆய்வாளர், 1907இல், கோதாவரிப் படுகையின் பனைகளில் குருத்தழுகலைப் பார்த்து. மிளகின் விரைவு வாடலுக்குக் காரணம் அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம். பார்வைக்குப் பங்கசு போல இருந்தாலும் இவை உண்மையான பங்கசு அல்ல. கடற்பாசிகளுக்கு நெருக்கமான வேறு குலம். மழை பெய்து மண்ணில் நீர்ப்படலம் நின்றால், இரண்டு சவுக்கு இழைகள் கொண்ட வித்திகளை வெளியிடும். அவை நீந்திப்போய் வேரை அடையும். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒரு மிளகுக் கொடியிலிருந்து அடுத்ததற்கு நோய் ஓடுவது இப்படித்தான்.

இவற்றைப் பிடிக்கப் பழைய ஆய்வாளர்கள் கண்ட வழி இரை வைப்பது. சந்தேகமுள்ள மண்ணைக் கிண்ணத்தில் இட்டு, தண்ணீர் ஊற்றி, மேலே இலைத் துண்டுகளை மிதக்கவிடுவார்கள். உயிருள்ள வித்தி மண்ணில் இருந்தால் அது நீந்தி வந்து இலையைத் தாக்கும். சில நாளில் இலை விளிம்பில் நீர் கோத்த கருந்திட்டு தெரியும். அந்தத் திட்டை நுண்காட்டியில் வைத்தால் கிருமியே தெரியும். மிளகுக் கிருமிக்கு இரையாகக் கேரளத்து ஆய்வாளர்கள் அல்பீசியாவின் சிற்றிலைகளைப் பயன்படுத்தினார்கள். கண்டியைச் சுற்றி நிழலுக்கு நிற்கும் அதே உயர்ந்த மரந்தான். கொக்கோக் கிருமிக்குப் பச்சைக் கொக்கோக் காயில் சிறு துளையிட்டு மண்ணை அடைப்பதும் உண்டு. செத்த கிருமி இரையை எடுக்காது. ஆகவே இரையில் திட்டு விழுந்தால் உயிர் இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை.

எதிர்ப்பக்கம் மட்டும் பலவீனமானது. திட்டு விழாவிட்டால் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. தடித்த சுவருள்ள உறங்கு வித்திகள் மண்ணில் அசையாமல் கிடந்து, பிறகு ஒரு மழையில் விழித்துக்கொள்ளலாம். பக்டீரியாவிலும் இந்தச் சிக்கல் உண்டு. ரால்ஸ்டோனியாவை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தால், நோய்தரும் வகை நடுவில் இளஞ்சிவப்பும் ஓரத்தில் வழியும் வெண்மையுமாக அழகாக அடையாளம் காட்டும். ஆனால் குளிர், பட்டினி, செம்பு மருந்து போன்ற நெருக்கடியில் அது வேறொரு நிலைக்குப் போய்விடுகிறது. உயிரோடு இருக்கும், தட்டில் வளராது. தட்டைப் பார்த்தவர் ‘இல்லை’ என்று எழுதுவார். தக்காளி நட்ட பிறகு அது விழித்தெழும்.

ஆக, வளர்த்துப் பார்க்கும் முறை உயிருள்ளதைத் தவறவிடுகிறது. டி.என்.ஏ. முறை செத்ததையும் கணக்கில் சேர்க்கிறது. இந்த இடைவெளியை மூடத்தான் கடந்த இருபது ஆண்டுகளில் இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன.

முதல் வழி ஒரு சாயம். பி.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். 2006இல் இது பக்டீரியாச் சோதனைக்கு வந்தது. உயிருள்ள செல்லின் சவ்வு முழுமையாக இருக்கும், சாயத்தை உள்ளே விடாது. செத்த செல்லின் சவ்வு ஓட்டையானது. சாயம் உள்ளே போய் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்ளும். பிறகு மாதிரியின்மேல் வலுவான நீல ஒளியைப் பாய்ச்சினால் சாயம் டி.என்.ஏ.வோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். பிணைந்த டி.என்.ஏ.வை நொதியால் படியெடுக்க முடியாது. அதன்பின் செய்யும் பி.சி.ஆரில் பெரும்பாலும் உயிருள்ள செல்களின் டி.என்.ஏ. மட்டுமே தெரியும். ஒரே மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சாயத்தோடும் மற்றதைச் சாயமில்லாமலும் சோதித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே செத்தவற்றின் பங்கைச் சொல்லும்.

கோட்பாடு தெளிவானது. நம் மலைநாட்டுச் செம்மண்ணில் அதைச் செய்து முடிப்பது வேறு வேலை. கலங்கிய சேற்றுக்குள் ஒளி ஊடுருவாது. எனவே முதலில் செல்களை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அல்லது நன்றாக ஐதாக்க வேண்டும். மட்கிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் பி.சி.ஆர். நொதியையே முடக்கிவிடும். அப்போது கிருமி நிறைய இருந்தாலும் ‘இல்லை’ என்று வரும். கூட்டெரு நிறையப் போட்ட நல்ல தோட்டத்து மண்ணில்தான் இந்த ஆபத்து அதிகம். அதனால் சரியான ஆய்வுகூடம், தெரிந்த டி.என்.ஏ. ஒன்றை வேண்டுமென்றே மாதிரியில் சேர்த்து, அது படியெடுக்கப்படுகிறதா என்று கூடவே பார்க்கும். சவ்வை உடைக்காமல் கொல்லும் மருந்துகளும் சாயத்தை ஏமாற்றும்.

இரண்டாவது வழி ஆர்.என்.ஏ. கொவிட் தடுப்பூசிகளின்போது பேசப்பட்ட தூது ஆர்.என்.ஏ.தான் இங்கேயும். செல் ஒரு புரதம் செய்ய வேண்டியபோது டி.என்.ஏ.விலிருந்து எடுக்கும் தற்காலிகப் படி அது. வேலை முடிந்ததும் செல்லே அதை உடைத்துவிடும். செல் செத்தால் புதிதாக எதுவும் எழுதப்படாது, இருந்தவையும் வேகமாகச் சிதையும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருப்பதால் உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்ல முடியாது, அடுப்புப் புகை வந்தால் சொல்லலாம். டி.என்.ஏ. பெயர்ப்பலகை, தூது ஆர்.என்.ஏ. புகை. 1990களின் நடுவிலிருந்து கலிஃபோர்னியாவில் ஓக் மரங்களைப் பெருமளவில் கொன்றுவரும் பைட்டோப்தோரா இனத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமி செத்த பிறகும் டி.என்.ஏ. அகப்பட்டுக்கொண்டே இருக்க, தூது ஆர்.என்.ஏ. சீக்கிரமே மறைந்துவிட்டது. நோய்ப்பட்ட இலையைக் கூட்டெருவாக்கினால் கிருமி சாகிறதா, நாற்றுமேடையிலிருந்து வெளியே போகும் கன்று சுத்தமா என்று கேட்கிற இடங்களில் இதன் மதிப்பு பெரியது.

இதற்கும் குறை உண்டு. ஆர்.என்.ஏ. மிக மென்மையானது. அதை உடைக்கும் நொதி நம் விரல் நுனியிலேயே இருக்கிறது. குண்டசாலையிலிருந்து ஆய்வுகூடங்களுள்ள கன்னொறுவைக்கோ பேராதனைக்கோ தூரம் ஒன்றுமில்லை. ஆனால் மாதிரியை வெறும் பொலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வழியில் கண்டி நகரத்தில் நாலு வேலை பார்த்துவிட்டுப் போனால், மாதிரியில் இருந்த உயிருள்ள கிருமியின் ஆர்.என்.ஏ.கூடக் கெட்டுவிடும். மேலும், உறங்கும் வித்தியில் தூது ஆர்.என்.ஏ. மிகக் குறைவு. புகை இல்லாத வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வயலுக்கே எடுத்துச் செல்லக்கூடிய லாம்ப் என்ற முறையும் பரவிவருகிறது. 2000இல் ஜப்பானியர்கள் வெளியிட்டது. சூடாக்கிக் குளிரவைக்கும் இயந்திரம் வேண்டாம். 60 முதல் 65 பாகை வரை ஒரே வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண்ணின் அழுக்கையும் ஓரளவு தாங்கும். நல்ல முறை. ஆனால் விரைவாக வந்த முடிவு என்பதால் அது உயிரைக் காட்டுகிறது என்று நினைக்கக் கூடாது. இதுவும் டி.என்.ஏ.வைத்தான் தேடுகிறது.

சில கிருமிகளுக்கு மூலக்கூற்று முறையை விட்டால் வேறு வழியே இல்லை. 2006இல் வெலிகமவில் முதன்முதலாக அறியப்பட்ட தென்னை ஓலை வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா. செல்சுவர்கூட இல்லாத நுண்ணுயிர் இது. தென்னையின் உணவு செல்லும் திசுவிலும், சாறுறிஞ்சும் பூச்சியின் உடலிலும்தான் வாழும். தட்டில் வளர்த்துப் பார்ப்பது வழக்கமான ஆய்வுகூடத்தில் நடக்காத காரியம். லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டோர் இரட்டைச் சுற்றுப் பி.சி.ஆர். மூலமே இதை உறுதிசெய்தார்கள்.

எந்த முறையானாலும் மாதிரி தவறினால் எல்லாம் தவறும். 20 பேர்ச் காணியில் அரை அடி ஆழத்துக்கு இருக்கும் மண் ஏறக்குறைய 90 தொன். ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ. பிரிக்க எடுப்பது பெரும்பாலும் கால் கிராம். 36 கோடியில் ஒரு பங்கு! தோட்டத்தின் ஒரு மூலையில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டு, வந்த முடிவை முழுக் காணிக்கும் பொருத்தினால் அதில் அறிவியல் எதுவும் இல்லை. பல இடங்களில், வேர் இருக்கும் ஆழத்தில், சிறிது சிறிதாக எடுத்துக் கலக்க வேண்டும். செத்துக் காய்ந்த கொடியின் அடியைத் தோண்டுவதைவிட, இப்போதுதான் இலை வெளுக்கத் தொடங்கிய கொடியின் மெல்லிய வேர்களையும் அவற்றைச் சுற்றிய மண்ணையும் எடுப்பது மேல். செத்த மரத்தில் வேறு பல நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டிருக்கும்.

கொக்கோ மரத்துப் பட்டைப் புண்ணிலும் இதே விதி. வெளியே கருத்து ஈரம் கசிந்த இடத்தில் கத்தியால் மேல்பட்டையை மெல்லச் சீவிப் பாருங்கள். உள்ளே வைன் சிவப்பில் கறை படர்ந்திருக்கும். அந்தக் கறை முடிந்து நல்ல பட்டை தொடங்கும் எல்லைக்கோட்டில்தான் உயிருள்ள கிருமி முன்னேறிக்கொண்டிருக்கிறது. அந்த எல்லையிலிருந்து எடுத்த சிறு துண்டு, புண்ணின் நடுவிலிருந்து எடுத்த பெரிய துண்டைவிட அதிகம் சொல்லும். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைக் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மரத்தின் டி.என்.ஏ. அடுத்த மரத்தின் முடிவில் வந்து உட்காரும். கிருமியே கூடப் போய்ச் சேரலாம்.

பசளைச் சிபாரிசுக்கு மண் கொடுத்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மண்ணைக் காற்றில் உலர்த்திக் கொடுப்போம். நோய்ச் சோதனைக்கு அப்படிச் செய்தால் தேடுகிற உயிரை நாமே கொன்றுவிடுகிறோம். மண் இயல்பான ஈரத்தோடு இருக்க வேண்டும், வெயில் படக் கூடாது, அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். இரை வைத்துப் பார்க்கப் போகும் மண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைய வைக்கும் தட்டிலும் வைக்கக் கூடாது.

என் முடிவு இது. நடுவதற்கு முன் நிலத்தைச் சோதிக்கிறவருக்கு டி.என்.ஏ. சோதனை நல்ல தொடக்கம். ஒழுங்காக எடுத்த மாதிரியில் ‘இல்லை’ என்று வந்தால் அது பெரிய ஆறுதல். ‘உண்டு’ என்று வந்தால் அதை மட்டும் நம்பி மரத்தைப் பிடுங்குவதோ, மருந்துப் போத்தலை வாங்குவதோ அவசரம். குறிப்பாக வெயிலில் வேகவைத்த பிறகு, மருந்து ஊற்றிய பிறகு, கூட்டெரு முதிர்ந்த பிறகு வரும் ‘உண்டு’க்கு உயிர்ச்சோதனை ஒன்று துணைக்கு வேண்டும். சாயமோ ஆர்.என்.ஏ.யோ கிடைக்காவிட்டால், சட்டியில் அந்த மண்ணை நிரப்பி நான்கு தக்காளி நாற்றை நட்டுப் பார்ப்பதும் உயிர்ச்சோதனைதான். மிளகுக் கன்றுகளைப் பெருமளவில் விற்கும் நாற்றுமேடைகளுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஒரு பையிலுள்ள மண்ணோடு நோய் ஓர் ஊருக்கே போய்விடும்.

மண் கொடுக்கப் போகும்போது ஆய்வுகூடத்தில் கேளுங்கள்: “இது கிருமி இருந்ததைக் காட்டுமா, உயிரோடு இருப்பதைக் காட்டுமா?” உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலோ முதலில் பேசிவிட்டுப் போவது நல்லது. பையின் மேல் இடத்தையும் பயிரையும் எழுதும்போது, கடைசியாக எந்த மருந்தை எந்தத் திகதியில் இட்டீர்கள், பொலித்தீன் விரித்திருந்தால் எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தத் திகதி இல்லாமல் முடிவைப் படிக்க எந்த நிபுணராலும் முடியாது.